மதினி சொன்ன பூக்கள்

கனகாம்பரத்தை நான் முதலில் பார்த்தது இரும்பில்தான். பூவாகப் பார்த்தது பல வருஷம் கழித்து, அட்டன் பஜாரில், கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கிற பூக்கடையில். தட்டில் சுருட்டி வைத்திருந்த சரத்தைத் தொடப் போன கை பாதியில் நின்றுவிட்டது. சுட்டுவிடும் என்ற நினைப்பு. எனக்குக் கல்யாணமான புதிது. பூவைப் பார்த்துப் பயப்படுகிற ஆம்பளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று என் மனைவி அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அவள் சிரிப்பு நின்றுபோயிருக்கும்.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமையானால் அந்தக் கடைக்குத்தான் போகிறேன். பழைய வியாபாரி போய்ச் சேர்ந்துவிட்டார்; மருமகள் நடத்துகிறாள். நாரைக் கையில் சுற்றிக்கொண்டு, நிமிராமலே, "என்ன பூ வேணுங்க?" என்பாள். ஒரு நாளைக்கு எத்தனையோ பேரிடம் கேட்கிற கேள்வி. எனக்கு மட்டும் அதற்கு உடனே வாய் வருவதில்லை. பின்னால் நிற்பவர்கள் பெரியவருக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். காதெல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது. அந்தக் கேள்வியை வேறொருவர் வேறோர் இடத்தில் என்னிடம் கேட்டிருக்கிறார். அங்கே நான் சொன்ன பதில்தான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொண்டைக்குள் வந்து நிற்கிறது.

நல்லதண்ணிக்குப் போகிற பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். மீசை அடர்ந்த வயசில் அங்கேயே பட்டறையில் சம்மட்டி பிடித்தேன். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் கீழே, ஆற்றோரமாக இருந்தது பட்டறை. நாலு பக்கமும் கருங்கல் சுவர், மேலே தகரம், ஒரே ஒரு வாசல். உள்ளே நுழைந்தால் கண் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த இருட்டு வேண்டுமென்றே வைத்த இருட்டு. காய்ந்த இரும்பு என்ன நிறத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அடிக்கலாமா, இன்னும் பொறுக்கலாமா என்று முடிவு செய்வது. வெயில் வெளிச்சத்தில் அந்த நிறம் மங்கித் தெரியும், ஆளை ஏமாற்றிவிடும். பட்டறையைக் கட்டிய வெள்ளைக்காரனுக்கு அது தெரிந்திருக்கிறது. சன்னல் வைக்காமல் கட்டியிருந்தான்.

அங்கே நாங்கள் மூன்று பேர். ஆசாரியை நான் அண்ணன் என்பேன். அதனால் அவர் மனைவி எனக்கு மதினி. ரத்த உறவு கிடையாது. அண்ணன் இடுக்கியால் இரும்பைப் பிடித்துக்கொண்டு கைச்சுத்தியலால் தட்டிக் காட்டுவார். அவர் தட்டிய இடத்தில் நான் சம்மட்டியைப் போடுவேன். மதினி துருத்தி இழுப்பார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என்னைக் "கொழுந்தனாரே" என்று நீட்டிக் கூப்பிடுவார். ஊரே கொழுந்து பறித்துச் சாகிறது, எனக்கு இந்த ஒரு கொழுந்தனை வைத்துக்கொண்டே காலம் போகிறது என்று கிண்டல் செய்வார். கவ்வாத்துக் கத்தி, முள்ளு, சுரண்டி, அலவாங்கு என்று அந்தத் தோட்டத்தில் ஆள் கையில் இருந்த இரும்பெல்லாம் எங்கள் மூன்று பேரையும் தாண்டித்தான் போயிருக்கும்.

துருத்தி என்றால் கயிற்றை இழுத்துக் காற்று விடுகிற வேலை என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தீ முழுக்க மதினியின் பொறுப்பு. காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்குத் தப்படிக்கிற சத்தம் கேட்கும்போதே உலைக்கு முன்னால் குந்தியிருப்பார். முந்தின நாள் சாம்பலுக்குள் கையை விட்டுத் துழாவி, வெந்த கரியை ஒரு பக்கம் ஒதுக்குவார். அது புகையெல்லாம் போய், பொத்தல் விழுந்து, கனமில்லாமல் இருக்கும். கிட்டத்தை இன்னொரு பக்கம் எடுத்துப் போடுவார். கிட்டம் என்பது நிலக்கரியில் இருக்கிற மண்ணும் கல்லும் உருகி அடியில் படிகிற கட்டி. அதை விட்டுவைத்தால் காற்று வருகிற வாயை அடைத்துக்கொள்ளும். மேலே தீ பளபளவென்று எரியும், இரும்பு மட்டும் காயாது. வேலை நடக்கும்போது நடுவில் கிட்டம் கட்டினால் மதினிக்குக் கையிலேயே தெரிந்துவிடும். துருத்திக் கயிறு கனக்குது என்பார். கொக்கியை விட்டு ஒரு திருப்புத் திருப்பி, அடைபோல ஒட்டிக்கொண்டிருப்பதைத் தீ கலையாமல் வெளியே எடுத்துவிடுவார்.

குழி சுத்தமானதும் நடுவில் ஒரு கைப்பிடி மிலாறு வைப்பார். கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைச் சுள்ளிதான். அது பிடித்துக்கொண்டதும் வெந்த கரியைச் சுற்றிலும் ஒதுக்கி, துருத்தியை மெல்ல மெல்ல இழுப்பார். புதுக்கரி கடைசியில்தான். அட்டன் ஸ்டேஷனில் இறங்கி உரமூட்டைகளோடு லொறியில் வருகிற கரி அது. அதை நேரே தீயில் கொட்டிவிடக்கூடாது. நனைத்து, ஓரமாக வரப்பு கட்டினாற்போல வைக்கவேண்டும். அங்கேயே வெந்து, மஞ்சள் புகையைக் கக்கி முடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வரவேண்டும். மஞ்சள் புகை அடங்கும்வரை இரும்பை உள்ளே விட மதினி சம்மதிக்கமாட்டார். பச்சைப் புகை குடித்த இரும்பு ஒன்றோடொன்று ஒட்டாது என்பார். அடியில் ஆணியால் துளை போட்ட பால் டின் ஒன்று வைத்திருந்தார். கம்பிக் கைப்பிடி போட்டது. அதைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி முக்கி ஓரத்துக் கரிமேல் தெளித்துக்கொண்டே இருப்பார். தீ ஒரு சிரட்டை அகலத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினால் கரியும் வீண், காற்றும் வீண். சாயங்காலம் தீயைக் கலைத்து விடுவதற்கும் அவரிடம் ஒரு சொல் இருந்தது. அணைக்கிறேன் என்று சொல்லமாட்டார். கோயில் விளக்கைச் சொல்வதுபோல, மலையேத்துறேன் என்பார். நாமெல்லாம் மலையேறி வந்து எத்தனை தலைமுறையாச்சு, இன்னும் எங்கே மதினி ஏறுவது என்று நான் கேட்பேன். இது வேற மலை கொழுந்தனாரே என்பார்.

இத்தனைக்கும் நடுவில் மதினி பூப்பேர் சொல்வார். அண்ணன் இரும்பை உலையில் செருகிவிட்டு, வைத்து அடிக்கிற பட்டடைப் பக்கம் திரும்பி நிற்பார். கொஞ்ச நேரத்தில் மதினி தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி, "செம்பருத்தி" என்பார். இன்னும் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, "கனகாம்பரம்." அண்ணன் திரும்பி இரும்பை எடுப்பார். இரண்டு இரும்பை ஒட்டவைக்கிற வேலை என்றால் இன்னும் பொறுத்து, "பூசணிப்பூ" என்ற பிறகுதான் எடுப்பார். மதினி மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே வெயிலுக்கு இந்தப் பூவெல்லாம் பூக்குமாம். எங்கள் குளிரில் வேலியில் செம்பருத்தியும் நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் பூசணியும்தான் உண்டு. கனகாம்பரமும் மல்லியும் எனக்கு வெறும் பேர். பட்டறைக்குக் கத்தி தீட்ட வருகிற ஆட்கள் ஆசாரி வீட்டம்மாவுக்கு உலைக்கு முன்னாலும் தலையில் வைக்கிற நினைப்புதான் என்று கேலி பேசுவார்கள். மதினியும் கூடவே சிரிப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறந்த இடத்தை நினைத்துக்கொள்கிறார் என்று எண்ணினேன். மல்லி என்ற பேர் மட்டும் அபூர்வமாகத்தான் வரும், வந்தால் குரல் மாறி வரும். "மல்லிங்க, எடுத்துருங்க" என்று பதறுவார். அண்ணன் அந்த நொடியே கையில் கிடைத்ததை வைத்து இரும்பைத் தீயிலிருந்து இழுத்துப் போட்டுவிடுவார். வெள்ளையாகிப் பொறி விட்ட இரும்பு எரிந்துபோன இரும்பு. அதற்கப்புறம் அது எதற்கும் உதவாது.

ஒரு சமயம் மதினிக்குக் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டார். கணக்கப்பிள்ளை துருத்திக்கு வேறொரு ஆளை அனுப்பினார். அண்ணன் அன்றைக்கு உலையே மூட்டவில்லை. கரி ஈரம் என்றார், காற்று சரியில்லை என்றார், கடைசியில் நாள் நன்றாக இல்லை என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு அது விநோதமாக இருந்தது. சும்மா உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெற்றிலைப் பொட்டலம் பட்டடை மேல்தான் இருந்தது. அவர் கை அதற்குப் பக்கத்தில் இரண்டு மூன்று தடவை தடவிவிட்டு அப்புறம்தான் அதைக் கண்டுபிடித்தது. வருஷக்கணக்காக அவருக்கு எதிரே நின்று சம்மட்டி போட்டவன் நான். தட்டிக் காட்டுகிற சுத்தியல் ஒரு நாளும் பிசகியதில்லை. அது கைக்குத் தெரிந்த வேலை, கண் தேவையில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

காய்ச்சல் விட்டு வந்த மதினியிடம் தனியாகக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. தீயைப் பார்த்துப் பார்த்து அண்ணன் கண்ணில் படலம் விழுந்துவிட்டது, இப்போது ஆள் நிற்பது நிழலாகத் தெரியும், நிறம் ஒன்றும் தெரியாது என்றார். குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு, தலைமுறைக்கு முன்னால் இந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த நாட்டில் பேர் இல்லை. பெரட்டில் கூப்பிடுகிற பேர் ஒன்றுதான் மிச்சம். அதுவும் போனால் வேலை முடிந்ததென்று பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து, குடியிருக்கிற காம்பிரா அறையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் இறக்கிவிடுவார்கள். அண்ணனுக்கு இந்தியாவில் ஒருத்தரையும் தெரியாது. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கண்ணு தெரியலைன்னு தெரிஞ்சா பேரு வெட்டிருவாங்க தம்பி. பேரு போனா காம்பிராவும் போயிரும். இந்த மனுசனைக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?" அன்றைக்குக் கொழுந்தனாரே என்று கூப்பிடவில்லை.

அதற்கப்புறம் அந்தப் பூப்பேர்களை நான் கேட்ட விதமே மாறிவிட்டது. சொல்லச் சொல்ல உலைக்குள் எட்டிப் பார்ப்பேன். கனகாம்பரம் என்றால் இந்த நிறமா என்று மனதில் வைத்துக்கொள்வேன். ஒரு தடவைகூட அவர் தப்பாகச் சொன்னதில்லை. இந்த ஏற்பாட்டை அவர்களாகவே தங்களுக்குள் செய்துகொண்டிருக்கிறார்கள். ஊருக்கு முன்னால் வைத்தே பேசிக்கொண்டு, ஊர் சிரிப்பதையும் அதற்குக் காவலாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மனைவி என்று ஒருத்தி வந்தால் இப்படி வரவேண்டும் என்று அப்போது நினைத்தேன். அப்படி ஓர் அவசியம் எனக்கு வரக்கூடாது என்றும் சேர்த்து நினைத்திருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் பெரியதுரைக்கு உதவியாகப் புதுச் சின்னதுரை வந்தார். கெட்ட ஆள் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். கெட்ட ஆளாக இருந்திருந்தால் எங்கள் பட்டறைக்குள் எட்டிப் பார்த்திருக்கவேமாட்டார். குனிந்து உள்ளே வந்தார், புகையில் இருமினார், இந்த இருட்டில் மனுஷன் வேலை செய்வானா என்று வருத்தப்பட்டார். கிழக்குச் சுவரை உடைத்து ஒரு கண்ணாடி சன்னல் வைக்கச் சொல்லிக் கணக்கப்பிள்ளைக்கு அங்கேயே உத்தரவு போட்டார். அண்ணன் கும்பிட்டபடி, வெளிச்சம் வந்தால் இரும்பின் நிறம் தெரியாதுங்க என்றார். எந்தக் கொல்லனும் சொல்கிற நியாயம்தான். சின்னதுரை சிரித்துக்கொண்டே அண்ணன் முகத்துக்கு நேராகக் குனிந்து, "என்ன ஆசாரி, கண்ணு சரியில்லையா? டாக்டர்கிட்ட அனுப்பட்டுமா?" என்று கேட்டார். வேடிக்கைக்குக் கேட்டதுதான். அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. "இல்லீங்க தொரை, கண்ணு நல்லா இருக்கு. வெளிச்சம் நல்லதுதானுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். துருத்திக் கயிற்றைப் பிடித்தபடி மதினி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருட்டு வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்க எங்களுக்கு இருந்த ஒரே வழி அதோடு அடைபட்டுப்போனது.

சுவர் உடைந்தது, கண்ணாடி வந்தது. காலை வெயில் நேராக உலை மேலேயே விழுந்தது. மதினி ஒரு சாக்கைக் கிழித்துத் தொங்கவிட்டார். சின்னதுரை அடுத்த தடவை வந்தபோது தன் கையாலேயே அதை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, வெளிச்சத்தைப் பார்த்துப் பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானத்துக்கு மேல் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறிவிட்டால் பழையபடி ஆகிவிடும். தோட்டமே வெயிலுக்கு ஏங்கும், நாங்கள் மூன்று பேர் மட்டும் பனிக்கு வேண்டிக்கொள்வோம். ஆனால் நல்லதண்ணி வழியாக ஜனம் மலையேறுகிற யாத்திரைக் காலம் வந்துவிட்டது. தை மாசியில் எங்கள் பக்கத்து வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். பட்டறைக்கு மேலே ரோட்டில் பஸ் பஸ்ஸாக ஜனம் நல்லதண்ணிக்குப் போகும். வெயில் நல்ல வெயில் என்று அவர்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டு போவது கீழே எங்களுக்குக் கேட்கும்.

மதினியின் வாய் முதல் தடவையாகத் தப்பத் தொடங்கியது. கனகாம்பரம் என்பார், உள்ளே அது பூசணியைத் தாண்டியிருக்கும். வெயிலில் மங்கித் தெரிவதை நம்பி இன்னும் நாலு இழுப்பு கூடுதலாக இழுத்திருப்பார். கவ்வாத்துக் கத்திகள் தேயிலையின் கிளைவாதில் பட்டதும் விளிம்பு பொலபொலவென்று உதிர்ந்து திரும்பி வந்தன. கணக்கப்பிள்ளை அவற்றைப் பட்டடை மேல் பரப்பி வைத்துவிட்டு, ஆசாரிக்கு என்ன வந்தது என்று துரை கேட்கிறார் என்றார். அண்ணன் கரி மேல் பழியைப் போட்டார். கணக்கப்பிள்ளை கிளம்பிப் போனார். மதினி உதிர்ந்த கத்தி ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் கம்பளியோடு வந்தார்.

கொழுந்து பறிக்கிற பெண்கள் மழைக்கும் குளிருக்கும் தலையில் போடுகிற கறுப்புக் கம்பளி. அதைத் தலைமேல் போட்டு, உலைக்கு முன்னால் குனிந்து, இரண்டு பக்கமும் கூடாரம் மாதிரி விரித்துக்கொண்டார். உள்ளே இருட்டு. ஒரு கை துருத்திக் கயிற்றில், முகம் தீக்கு ஒரு சாண் தூரத்தில். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை, அண்ணன் இல்லாத நேரத்தில் சண்டை போட்டேன். கம்பளி தீப்பிடிக்காது கொழுந்தனாரே, கருகத்தான் செய்யும் என்றார். அது உண்மைதான். கம்பளிக்குள் அவர் கட்டியிருந்தது பருத்திச் சேலை. கத்திகள் திரும்பி வருவது நின்றது. கண்கள் மட்டும் மதினிக்குச் சாயங்காலத்தில் கோவைப்பழமாக இருக்கும், இமை மயிர் கருகியிருக்கும். அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது. கம்பளியைப் பற்றி அவரிடம் சொல்லக்கூடாது என்று மதினி என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒரு நாள், கொழுந்து மூட்டைகளை மேட்டுக்கு இழுக்கிற சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போய், அவசரமாக வேண்டும் என்று கொண்டுவந்து போட்டார்கள். நல்ல வெயில் ஏறிய நேரம். சாயங்காலம் பார்க்கலாம் என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். மூட்டையெல்லாம் கீழே வாடிக்கொண்டிருக்கிறது, முடியாது என்றுவிட்டார்கள். ஒட்டுவேலை. பூசணிப்பூவுக்கும் மல்லிக்கும் நடுவில் இரண்டு மூச்சு இடைவெளிதான். மதினி கம்பளிக்குள் போய்விட்டார். துருத்தி இழுக்க இழுக்கக் கம்பளி ஏறி இறங்கியது. செம்பருத்தி வந்தது, கனகாம்பரம் வந்தது. நான் சம்மட்டியைத் தூக்கிவிட்டேன். "பூசணிப்பூ" என்ற சத்தம் கம்பளிக்குள்ளிருந்து அமுங்கி வந்தது. அண்ணன் கண்ணியைச் சுழற்றிப் பட்டடைமேல் வைத்தார். தட்டினார், போட்டேன், தட்டினார், போட்டேன். ஒட்டுவேலையில் சம்மட்டிக்காரன் கண்ணை இரும்பிலிருந்து எடுக்கமுடியாது. எடுத்தால் எதிரே நிற்பவன் கை போய்விடும்.

கண்ணி ஒட்டிக்கொண்டது. கடைசி அடிக்குப் பிறகுதான் மதினியின் குரல் கேட்டது. சத்தம்கூட இல்லை, மூச்சை உள்ளே இழுக்கிற மாதிரி. சுடுவது அதுவரை தெரியாமல் இருந்தாரா, அடி முடியட்டும் என்று வாயைக் கடித்துக்கொண்டிருந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்று சில நாள் தோன்றும். "என்னமோ கருகுது" என்று அண்ணன்தான் முதலில் சொன்னார், மூக்குக்குத் தெரிந்து. நான் திரும்பினேன். மதினி கம்பளியை உதறியிருந்தார், உள்ளே முந்தானையில் பிடித்த தீ நெஞ்சுக்கு ஏறியிருந்தது. அண்ணன் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பாய்ந்து கைக்குக் கிடைத்ததை முக்கி எடுத்து அவர்மேல் ஊற்றினார். அது அந்தத் துளை போட்ட டின். நாலைந்து சொட்டாக, கரிக்குத் தெளிக்கிற மாதிரித்தான் விழுந்தது. அவர் மறுபடி முக்கினார், மறுபடி ஊற்றினார், ஏன் தண்ணீர் விழவில்லை என்று கத்திக்கொண்டே. நான் தொட்டியையே கவிழ்த்தேன்.

உரம் ஏற்றி வந்த லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாயங்காலம் பட்டறைப் பக்கம் யாரோ போய்ப் பார்த்திருக்கிறார்கள். யாரும் கலைக்காமலே தீ தானாக மலையேறியிருந்தது என்றார்கள்.

மதினியின் முகத்தில் காயம் இல்லை. நெஞ்சும் கழுத்தும்தான் கட்டுப் போட்டு மூடியிருந்தது. முதலில் பேசினார். சங்கிலியைக் கொண்டுபோனார்களா, ஒட்டு நின்றதா என்று கேட்டார். நின்றது என்றேன். பிறகு காய்ச்சல் ஏறிப் பேச்சுக் குறைந்தது. ஒரு காலையில் நர்ஸ் என்னை வெளியே கூப்பிட்டுச் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார், வீட்டு ஆட்கள் வரவேண்டியிருந்தால் வரச்சொல்லுங்கள் என்று. வர யாரும் இல்லை. திரும்பி உள்ளே போனேன். அண்ணன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மதினியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டு முகத்தை என் பக்கம் திருப்பினார். அவர் கண் விஷயம் எனக்குத் தெரியும் என்று அவரிடம் நான் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. அவருக்கு அது எப்போதோ தெரிந்திருக்கவேண்டும்.

"தம்பி," என்றார். "மதினி மொகத்தைப் பாரு. என்ன பூ?"

பார்த்தேன். அந்த முகத்தில் ரத்தம் என்று ஒன்று இல்லை. உதடுகூட வெளுத்திருந்தது. நான் அதுவரை மல்லியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அது என்ன பூ என்று எனக்குத் தெரிந்தது.

"செம்பருத்திண்ணே" என்றேன்.

"அப்ப இன்னும் நேரமிருக்கு" என்றார். அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது. பிடித்திருந்த கையைத் தன் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார்.

மதினி கண்ணைத் திறந்தார். என்னைத்தான் பார்த்தார். கோபம் இல்லை, கேலி செய்யப்போகிறவர் மாதிரி ஒரு பார்வை. பிறகு அண்ணன் பக்கம் தலையைத் திருப்பினார். வாய் உலர்ந்து சத்தம் சரியாக வரவில்லை, ஆனால் சொல் தெளிவாக இருந்தது.

"மல்லிங்க. எடுத்துருங்க."

உலைக்கு முன்னால் மதினி சொன்னதற்கு அண்ணன் ஒருநாளும் மறுபேச்சுப் பேசியதில்லை. அன்றைக்கும் பேசவில்லை. பிடித்திருந்த கையைக் கட்டிலின் மேல் மெதுவாக வைத்துவிட்டு, தன் இரண்டு கையையும் பின்னுக்கு எடுத்துக்கொண்டார். நான் வாய்விட்டு அழுதேன். அவர் அழவில்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்கு முன்பே முடிந்துவிட்டது.

அண்ணன் விஷயம் அப்புறம் வெளியாக ஒரு வாரம்கூட ஆகவில்லை. துருத்திக்குப் புது ஆள் வந்தான், அண்ணன் உலையில் இரும்பைச் செருகிவிட்டுத் திரும்பி நின்றார், பூப்பேரைச் சொல்ல யாரும் இல்லை. இரும்பு பொறி விட்டு எரிந்ததைப் புது ஆள்தான் கூவிச் சொன்னான். நான் சொல்லியிருக்கலாம். வாயெடுத்தேன், அண்ணன் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். அந்தப் பேர்களை இன்னொரு குரலில் கேட்க அவருக்கு மனசில்லை. சின்னதுரை வந்து நின்று அண்ணனிடம், நீ அன்றைக்கே சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரியில் படலத்தை உரித்து எடுத்திருப்பார்களே என்றார். உண்மையாகவே வருந்தினார். அது நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. பேரை வெட்டாமல் டாக்டரிடம் அனுப்பிய தோட்டத்தை நான் பார்த்ததில்லை. எப்படியானாலும் அந்த மாத முடிவில் அண்ணன் பேரும் வெட்டுப்பட்டுத்தான் போனது.

இந்தியாவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். எவ்வளவோ சொன்னேன், என் காம்பிராவில் ஒரு மூலை போதாதா என்று. கேட்கவில்லை. அட்டன் ஸ்டேஷனில், இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிற தலைமன்னார் வரை துணைக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு ஏற்றிவிட்டேன். என்ஜின் கரும்புகையை எங்கள் மேல் ஊதியது. அண்ணன் முகர்ந்து பார்த்துவிட்டு, "பச்சைக் கரிய அள்ளிக் கொட்டுறான். ஓரத்துல வேக விடணும்னு யாரும் அவனுக்குச் சொல்லல" என்றார். அவர் கடைசியாக என்னிடம் பேசியது அதுதான். கடிதம் எழுதக் கண்ணும் இல்லை, எழுத்தும் தெரியாது. எங்கே போய் இறங்கினார், யார் வீட்டில் இருந்தார், எப்போது முடிந்தார், ஒன்றும் தெரியவில்லை. நானும் கொஞ்ச நாளில் அந்தத் தோட்டத்தை விட்டு அட்டனுக்கு வந்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமையும் பூக்கடைக்குப் போனேன். மழை விட்டு நல்ல வெயில். கடைக்காரப் பெண் வழக்கம்போல நிமிராமல் "என்ன பூ வேணுங்க?" என்றாள். நான் வழக்கம்போல நின்றேன். மாத்தளையிலிருந்து இப்போதுதான் கூடை வந்தது, மல்லி நன்றாக இருக்கிறது, வீட்டில் அம்மாவுக்கு வாங்கிக்கொண்டு போங்கள் என்று ஈரத்துணியை விலக்கிக் காட்டினாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். இத்தனை வருஷமாக வருகிறீர்கள், ஒரு நாள்கூட மல்லி வாங்கினதில்லையே, பிடிக்காதா என்று கேட்டாள்.

"அதுக்கு இன்னும் நேரமிருக்கும்மா" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியவர் எதையோ உளறுகிறார் என்று நினைத்திருப்பாள். கனகாம்பரத்தில் ஒரு முழம் அளந்து, வாழையிலையில் மடித்து நீட்டினாள். இப்போதெல்லாம் நான் கையைப் பின்னுக்கு இழுப்பதில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.